பதினான்காம் லூயி எதற்கு வானாய்வகம் கட்டினார்?

கேள்வி இது: 1660-க்கும் 1700-க்கும் இடையில் பிரான்ஸ், இங்கிலாந்து மன்னர்கள் வானாய்வகம் கட்டினார்கள், அறிவியல் கழகங்களுக்குச் சாசனம் கொடுத்தார்கள், வானியலாளர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். இதெல்லாம் உண்மையான அறிவு ஆர்வமா, இல்லை வெர்சாய் அரண்மனை மாதிரி இன்னொரு ஆடம்பரமா?

ஆடம்பரமும் உண்டு, ஆர்வமும் கொஞ்சம் உண்டு. ஆனால் வானியலுக்கு அவர்கள் பணம் கொடுத்ததற்குப் பின்னால் பிழைப்பு சம்பந்தப்பட்ட ஒரு கேள்வி இருந்தது: "நான் இப்போது எங்கே இருக்கிறேன்?" அதாவது, தீர்க்கரேகை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால், ஒரு ராஜா எதற்காக வியாழனின் நிலாக்களுக்குக் காசு கொடுத்தார் என்பதே விளங்காது.

நடுக்கடலில் அட்சரேகையைக் கண்டுபிடிப்பது சுலபம். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, கிட்டத்தட்ட அதுதான் உங்கள் அட்சரேகை. தீர்க்கரேகை அப்படிக் கிடைக்காது. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. உங்கள் ஊரில் உச்சிப்பொழுதாக இருக்கும்போது பாரிஸில் மணி என்ன என்று தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கிழக்கு மேற்கு தூரத்தைச் சொல்லிவிடலாம். நான்கு நிமிடம் தப்பினால் ஒரு டிகிரி தப்பும். பூமத்திய ரேகையில் அது 111 கி.மீ. சரி, பாரிஸ் மணியைக் காட்டும் கடிகாரம் ஒன்றைக் கப்பலில் எடுத்துப் போனால் தீர்ந்தது அல்லவா? அங்கேதான் சிக்கல். டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1656-இல் உருவாக்கிய ஊசல் கடிகாரம் தரையில் அற்புதமாக ஓடியது. ஆடுகிற கப்பலில் ஊசல் என்ன செய்யும், அதுவும் சேர்ந்து ஆடும்.

அதனால் எல்லா ஊரிலிருந்தும் ஒரே கணத்தில் பார்க்கக்கூடிய ஒரு கடிகாரம் வானத்திலேயே கிடைக்குமா என்று தேடினார்கள். வியாழனின் நிலாக்களைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது கலிலியோவின் யோசனை. அவற்றில் அயோ என்ற நிலா 42½ மணி நேரத்துக்கு ஒரு முறை வியாழனின் நிழலுக்குள் போய் மறைகிறது. பாரிஸில் பார்த்தாலும் தென் அமெரிக்கக் கயேனில் பார்த்தாலும் மறையும் கணம் ஒன்றுதான். இரண்டு ஊரிலும் உள்ளூர் நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். இந்த மறைவுகள் எப்போது நடக்கும் என்று நம்பத் தகுந்த அட்டவணையை 1668-இல் வெளியிட்டவர் இத்தாலியின் பொலோஞா நகரத்தில் இருந்த காசினி. மறு வருடமே அவரைப் பாரிஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மானியம் வருடத்துக்கு 9,000 லீவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). அதற்கு முன்பே ஹைகன்ஸை 6,000 லீவருக்கு அழைத்து வைத்திருந்தார்கள். இன்றைய கிரிக்கெட் ஏலம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இதை நடத்தியவர் லூயி இல்லை, அவருடைய அமைச்சர் கோல்பேர். நிதியும் கடற்படையும் அவர் கையில்தான். வரி போட நிலத்தின் அளவு தெரிய வேண்டும், கப்பல் விட கரை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், கப்பல் கட்ட மரம் எந்தக் காட்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கையில் இருந்த வரைபடங்களோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 1666 டிசம்பர் 22-ஆம் தேதி அரசரின் நூலகத்தில் அறிவியல் அகாடமியின் முதல் கூட்டம் நடந்தது. 1667 ஜூன் 21, வருடத்தின் மிக நீண்ட பகல் கொண்ட நாள். அன்று கணிதக்காரர்கள் பாரிஸுக்குத் தெற்கே ஒரு வெளியில் நின்று, புதிய வானாய்வகத்துக்கான வடக்கு தெற்குக் கோட்டைத் தரையில் குறித்தார்கள். அந்தக் கோடுதான் பாரிஸ் தீர்க்கரேகை. கட்டடத்தின் நடுவே ஓடுகிறது.

கட்டட வடிவமைப்பு கிளோத் பெரோ என்பவருடையது. தொழிலால் மருத்துவர். அவருடைய தம்பி சார்ல் பெரோ கோல்பேரின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். சிண்ட்ரெல்லா கதையைப் பின்னால் எழுதியவர் இவரேதான். கட்டடம் பார்க்க ஜோராக இருந்தது. வானத்தைப் பார்க்கத்தான் லாயக்கில்லை என்று காசினி அலுத்துக்கொண்டார். அந்தக் காலத்துத் தொலைநோக்கிகளில் சிலவற்றின் நீளம் 30 மீட்டரைத் தாண்டும். அவற்றை எந்த ஜன்னலுக்குள் நுழைப்பது? கடைசியில் தோட்டத்தில் வைத்துத்தான் பார்த்தார்கள். அரண்மனைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக மார்லியில் இருந்த ஒரு மரக் கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, அதன் உச்சியில் லென்ஸைப் பொருத்தினார்கள். ராஜா பணத்தில் கட்டிய மாளிகை பக்கத்தில் சும்மா நின்றது. முகப்பு அழகுக்குச் செலவழித்துவிட்டு உள்ளே வேலை செய்கிறவனைக் கேட்காமல் விடுவது எந்தக் காலத்திலும் நடக்கிறதுதான்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. பிக்கார் என்ற பாதிரியார் 1669, 1670-இல் பாரிஸுக்குத் தெற்கிலிருந்து வடக்கே அமியேன் வரை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போனார். கோணம் அளக்கும் கருவியில் தொலைநோக்கியைப் பொருத்திக்கொண்டது அவர் வேலைக்குப் பெரிய பலம். ஒரு டிகிரிக்கு அவருக்குக் கிடைத்தது 57,060 துவாஸ் (அன்றைய பிரெஞ்சு நீள அளவு). இன்றைய கணக்கில் 111.2 கி.மீ.; இன்றும் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. அடுத்து 1671-இல் டென்மார்க் பக்கத்து ஹ்வென் தீவுக்குப் போனார். டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே முக்கால் நூற்றாண்டுக்கு முன் வரை வேலை செய்த வானாய்வகம் அங்கேதான் இருந்தது. அந்த இடம் பாரிஸிலிருந்து எத்தனை டிகிரி கிழக்கே என்று தெரியாவிட்டால், டைக்கோவின் குறிப்புகளைப் பாரிஸ் கணக்கோடு சேர்க்க முடியாது. போன இடத்தில் ரோமர் என்ற இளைஞன் உதவிக்கு வந்தான். பிக்கார் அவனையும் பாரிஸுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

நான் அதிகம் ரசிப்பது கயேன் பயணத்தைத்தான். கயேன் தென் அமெரிக்காவில், பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்கே இருக்கும் பிரெஞ்சுக் குடியேற்றம். 1672-இல் ழான் ரிஷே அங்கே அனுப்பப்பட்டார். அந்த வருடம் செவ்வாய் பூமிக்கு நெருங்கி வந்தது. பாரிஸிலிருந்து காசினியும் கயேனிலிருந்து ரிஷேயும் ஒரே சமயத்தில் செவ்வாயைப் பார்த்தால், பின்னணி நட்சத்திரங்களோடு ஒப்பிடும்போது அது இருவருக்கும் ஒரு துளி இடம் மாறித் தெரியும். கையை நீட்டிக் கட்டைவிரலை முதலில் ஒரு கண்ணால், பிறகு மற்றக் கண்ணால் பார்ப்பது போலத்தான். அந்தத் துளியிலிருந்து செவ்வாயின் தூரம், அதிலிருந்து சூரியனின் தூரம். காசினிக்கு வந்த விடை ஏறக்குறைய 14 கோடி கி.மீ. உண்மை 15 கோடிக்குச் சற்றுக் கீழே. டைக்கோ நம்பிய தூரம் இதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான்! ஒன்றையும் சொல்ல வேண்டும்: அளவீட்டில் வரக்கூடிய பிழையும், அளக்க வேண்டிய அந்தத் துளியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தன. காசினிக்கு அதிர்ஷ்டமும் கை கொடுத்தது.

கயேனில் இன்னொன்றும் நடந்தது, அதற்காக யாரும் ரிஷேயை அனுப்பவில்லை. பாரிஸில் சரியாக நொடிக்கு ஒரு முறை ஆடிய ஊசல், கயேனில் மெதுவாக ஆடியது. கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலில் ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் குறைத்த பிறகுதான் நேரம் சரியாக வந்தது. ரிஷே பொறுமைசாலி. பல மாதங்கள் திரும்பத் திரும்பச் சோதித்து எழுதிக்கொண்டு வந்தார். காசினிக்கு அது பிடிக்கவில்லை. அளந்தவர் தப்பு செய்திருப்பார் என்று சந்தேகப்பட்டார். வெயிலில் உலோகம் நீண்டிருக்கும் என்றும் சிலர் சொன்னார்கள்.

ரோமர் விஷயத்திலும் இதே கதை. வியாழன் கடிகாரம் சில மாதங்களில் முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் ஓடுவதாகத் தெரிந்தது. தீர்க்கரேகைக்கு நம்பியிருக்கும் கடிகாரமே தப்பினால் என்ன செய்வது? 1676-இல் ரோமர் துணிந்து சொன்னார்: நவம்பர் 9-ஆம் தேதி அயோ நிழலிலிருந்து வெளியே வருவது பத்து நிமிடம் தாமதமாகத் தெரியும். அப்படியே ஆனது. காரணம், வெளிச்சம் வந்து சேர நேரம் எடுக்கிறது. பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டார். உண்மையில் பதினாறரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஒளிக்கு வேகம் உண்டு என்பதே அதுவரை வெறும் விவாதம்தான். இதையும் காசினி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கூர்மையான கண், ஓயாத உழைப்பு, ஆனால் தன் அட்டவணைக்கு வெளியே ஏதாவது வந்தால் மனிதருக்கு ஆகாது.

இனி ராஜாவுக்கு வருவோம். 1682 மே 1-ஆம் தேதி லூயி வானாய்வகத்துக்கு நேரில் வந்தார். அதே வருடம் பிக்காரும் லா ஹீரும் நாட்டின் கரையோரம் முழுக்க வியாழன் முறையில் தீர்க்கரேகை எடுத்து, அகாடமி முன் ஒரு வரைபடம் வைத்தார்கள். பழைய கரை மெல்லிய கோடு, புதிய கரை தடித்த கோடு. மேற்குக் கரை ஒரு டிகிரிக்கும் மேல் கிழக்கே நகர்ந்திருந்தது. தெற்குக் கரை மேலே ஏறியிருந்தது. நாட்டின் பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. "எதிரிகளிடம் இழந்ததைவிட என் வானியலாளர்களிடம் அதிக நிலத்தை இழந்தேன்" என்று லூயி சொன்னதாக ஒரு கதை உண்டு. அப்படியே சொன்னாரா என்று நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ஆனால் வரைபடம் 1693-இல் அச்சில் வந்தது. தன் நாடு சுருங்கியதை அரசாங்கமே வெளியிட்டது என்பதை லூயியின் கணக்கில் நல்லதாகவே எழுதுவேன்.

கெட்டதும் உண்டு. 1683-இல் கோல்பேர் இறந்தார். அடுத்து வந்த லுவுவா போர் அமைச்சர். அகாடமி என்றால் அவருக்கு உடனடிப் பயன் வேண்டும். கணிதக்காரர்களை வெர்சாய் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுவர மட்டம் பார்க்க அனுப்பினார்கள். 1685-இல் லூயி, புராட்டஸ்டண்டுகளுக்கு மத உரிமை அளித்த நான்ட் ஆணையை ரத்து செய்தார். ரோமர் 1681-லேயே டென்மார்க் போய்விட்டார். அதே வருடம் உடம்புக்கு முடியாமல் ஹாலந்துக்குப் போன ஹைகன்ஸுக்குத் திரும்பி வர வழியில்லாமல் போனது. இருவருமே புராட்டஸ்டண்டுகள். மானியம் கொடுத்து வரவழைத்த ராஜாவே கதவையும் சாத்தினார்.

இங்கிலாந்தில் நிலைமை நேர் எதிர்: ராஜாவிடம் காசு இல்லை. இரண்டாம் சார்ல்ஸ் 1662-இல் ராயல் சொசைட்டிக்குச் சாசனம் கொடுத்தார், பணம் கொடுக்கவில்லை. உட்கார்ந்து காற்றை எடை போடுகிறார்கள் என்று அவர்களைப் பார்த்துச் சிரித்ததாகக் கடற்படை அதிகாரி பெப்பீஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கிரீனிச் வானாய்வகம் வந்ததும் வேடிக்கையாகத்தான். ராஜாவின் ஆசை நாயகி லூயிஸ் டி கெருவாய் பிரான்ஸ்காரி. அவளுக்கு வேண்டிய ஒரு பிரெஞ்சுக்காரர், நிலாவை வைத்துத் தீர்க்கரேகை கண்டுபிடிக்கத் தனக்குத் தெரியும் என்று வந்து நின்றார். அதை ஆராயக் குழு போட்டார்கள். ஃபிளாம்ஸ்டீட் என்ற இளைஞர் சொன்ன பதில்: முறை சரியாகவே இருக்கட்டும், நட்சத்திரங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அடிப்படை அட்டவணையே நம்மிடம் சரியாக இல்லையே. சார்ல்ஸுக்கு உறைத்தது. 1675 மார்ச்சில் ஃபிளாம்ஸ்டீடையே நியமித்தார், வருடத்துக்கு 100 பவுன்.

கட்டடச் செலவு சுமார் 520 பவுன். கெட்டுப்போன வெடிமருந்தை விற்று அதைச் சமாளித்தார்கள். பழைய கோட்டையின் அஸ்திவாரத்தின் மேலேயே எழுப்பியதால், வடக்கு தெற்காக நிற்க வேண்டிய கட்டடம் கோணலாக நின்றது. கருவி வாங்க ஒரு காசும் இல்லை. ஃபிளாம்ஸ்டீட் டியூஷன் எடுத்தும், நண்பர்கள் கொடுத்ததை வைத்தும், சொந்தப் பணம் போட்டும் வேலை செய்தார். அதனால்தான் தன் அளவீடுகளைக் கேட்டபோது "இது என்னுடையது" என்று பிடிவாதம் பிடித்தார். 1712-இல் நியூட்டனும் ஹாலியும் அவர் சம்மதம் இல்லாமலே அச்சிட்டார்கள். 400 பிரதிகளில் 300 பிரதிகளைக் கைப்பற்றித் தீயில் போட்டார் மனிதர். அவருடைய முழுப் பட்டியல், ஏறக்குறைய 3,000 நட்சத்திரங்கள், அவர் இறந்த பிறகு 1725-இல்தான் வெளிவந்தது.

ஹாலி வேறு ரகம். 1676-இல், இருபது வயதில், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தென்வானத்து நட்சத்திரங்களைக் குறிக்கச் செயின்ட் ஹெலினா தீவுக்குப் புறப்பட்டார். ராஜா கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கடிதம். கப்பலில் இடம் கிடைத்தது. செலவு அப்பாவுடையது. மேகமூட்டத்தோடு மல்லுக்கட்டி 341 நட்சத்திரங்களைக் குறித்துக்கொண்டு திரும்பினார். தென்வானத்தில் "சார்ல்ஸின் ஓக் மரம்" என்று ஒரு புதிய விண்மீன் கூட்டமும் உண்டாக்கினார். 1651-இல் போரில் தோற்ற சார்ல்ஸ் ஒரு ஓக் மரத்தில் ஏறி ஒளிந்து தப்பிய சம்பவத்தின் நினைவாக. ராஜா மகிழ்ந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு எழுதிப் பட்டம் கொடுக்கச் சொன்னார். பட்டம் நிலைத்தது, ஓக் மரத்தைப் பின்னால் வந்தவர்கள் வானத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். காசினியும் இப்படித்தான், சனியைச் சுற்றித் தான் கண்டுபிடித்த நான்கு நிலாக்களுக்கு "லூயியின் விண்மீன்கள்" என்று பெயர் வைத்திருந்தார். இப்போது அவை அயபெட்டஸ், ரியா, டெதிஸ், டையோனி.

அறிவியலுக்கு யார் காசு கொடுத்தது என்று கேட்டால் 1687-ஐப் பார்க்க வேண்டும். நியூட்டனின் பிரின்சிபியா அச்சுக்குத் தயார். ராயல் சொசைட்டியிடம் பணம் இல்லை; மீன்களைப் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகத்தை முந்தின வருடம் வெளியிட்டு, அது விற்காமல் கிடந்தது. அச்சுச் செலவை ஹாலி தன் கையிலிருந்து போட்டார். அந்த ஹாலிக்குச் சேர வேண்டிய 50 பவுன் சம்பளத்துக்குப் பதிலாக ராயல் சொசைட்டி கொடுத்தது என்ன தெரியுமா? அதே மீன் புத்தகம், 50 பிரதி!

அந்தப் பிரின்சிபியாவுக்குள் போய்ப் பார்த்தால் லூயியின் பணம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பூமியின் அளவுக்குப் பிக்காரின் டிகிரி. வியாழனின் நிலாக்களுக்குப் பாரிஸ் அளவீடுகள். ரிஷேயின் மெதுவான ஊசலுக்கு அங்கேதான் விளக்கம் கிடைத்தது: சுழல்கிற பூமி நடுவில் புடைத்திருக்கிறது, பூமத்திய ரேகைப் பக்கம் ஈர்ப்பு சற்றுக் குறைவு. காசினி ஒதுக்கித் தள்ளிய 2.8 மில்லிமீட்டர், கடல் தாண்டி, ராஜாவிடம் சல்லிக்காசு பெறாத ஒரு புத்தகத்தில் போய் உட்கார்ந்தது. காசினி குடும்பம் பூமி துருவப் பக்கம் நீண்டது என்று இன்னும் ஐம்பது வருடம் வாதாடியது தனிக்கதை.

தேடிப் போன தீர்க்கரேகை என்ன ஆயிற்று? தரையில் கிடைத்தது, கடலில் கிடைக்கவில்லை. ஆடும் கப்பல்தளத்தில் நின்று நீளமான தொலைநோக்கியில் வியாழனின் நிலாவைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை. கடலுக்கான விடை, ஒரு தச்சர் மகன் செய்த கடிகாரமாக அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது.

கடைசியாக, நம்ம ஊர்ப் பக்கம் வருகிற ஒரு கிளைக்கதை. 1685 மார்ச்சில் லூயி ஆறு இயேசு சபைப் பாதிரிகளுக்கு "அரசரின் கணிதவியலாளர்கள்" என்று பட்டம் கொடுத்து, தொலைநோக்கிகளோடு சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்குக் கப்பலேற்றினார். ராஜதந்திரம், மதமாற்றம், வணிகம், தீர்க்கரேகை, எல்லாம் ஒரே மூட்டையில். அந்த டிசம்பரில் சயாம் மன்னர் நாராய் லோப்புரியில் அவர்களோடு உட்கார்ந்து சந்திர கிரகணம் பார்த்தார். பிறகு அவர்களில் ஐந்து பேர் சீனாவுக்குப் போய்க் காங்ஷி பேரரசரிடம் சேர்ந்தார்கள். 1687-இல் போன பிரெஞ்சுத் தூதர் லா லுபேர், சயாமியரின் கிரகணக் கணக்கு முறையை எழுதி எடுத்து வந்தார்; வெறும் கூட்டல், பெருக்கல், வகுத்தல் விதிகள், எதற்கு என்ற விளக்கமே கிடையாது. காசினி அதை உட்கார்ந்து அவிழ்த்தார். அது இந்தியாவிலிருந்து போன கணித முறை. பிடிவாதக்காரர் என்று மேலே சொன்னேனே, அந்த மனிதருக்கு இதற்காக ஒரு சலாம்.

1687-இல் போன இரண்டாவது குழுவில் ழான் ரிஷோ என்று ஒருவர் இருந்தார் (கயேன் போனவர் ரிஷே, இவர் ரிஷோ). மறு வருடம் சயாமில் ஆட்சி கவிழ்ந்தது, நாராய் இறந்தார், பிரெஞ்சுக்காரர்களைத் துரத்தினார்கள். ரிஷோ புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பிரான்சுவா மார்த்தேன் நிர்வாகத்தில் அது அப்போது சின்னக் குடியேற்றம். நாலு வருடத்தில் டச்சுக்காரர்கள் வந்து பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள். 1689 டிசம்பரில் ஒரு வால்மீன் தோன்றியது. விடிவதற்கு முன் ரிஷோ தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினார். வால்மீன் அருகே தெற்கே தாழ்வாக ஒரு பிரகாசமான நட்சத்திரம், ஆல்ஃபா சென்டாரி. பாரிஸிலிருந்து அது தெரியவே தெரியாது. தொலைநோக்கியில் அது இரண்டாகத் தெரிந்தது. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரத் தொகுதி அது என்பது தெரிய இன்னும் 150 வருடம் ஆகும்.

அதை இப்போதும் பார்க்கலாம். மே மாதம் இரவு பத்து, பதினொரு மணிக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் நின்று தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பக்கம் பக்கமாக இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் இருக்கும், அவற்றில் இடது பக்கம் இருப்பது. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். சின்னத் தொலைநோக்கி ஒன்று போதும், இரண்டாகப் பிரியும்.